கமலாசனி போட்ட இலக்கம்

கமலாசனி பயந்த பெண். அதை அவளே ஒளிக்க மாட்டாள். காஸ் அடுப்பை மூடிவிட்டு வாசல் படலை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து யாராவது பெயர் கேட்டால், சொந்தப் பெயரையே யோசித்துத்தான் சொல்லுவாள். சின்ன வயதில் எத்தனையோ வரிசைகளில் நின்று, எத்தனையோ சீருடைக்காரருக்குப் பெயர் சொல்லி வந்தவள். அந்தப் பயம் உடம்போடு ஊறிவிட்டது. அதைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

அப்படிப்பட்டவளிடம் ஒரு லப்டொப்பைக் கொடுத்து, இடத்துக்கு இடம் அதன் நெட்வேர்க் அமைப்பை மாற்றிக்கொள் என்றார்கள். கிளிநொச்சியில் குளங்களைப் பார்க்கிற ஓர் அலுவலகத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. தையில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டுவார்களா என்பது இன்னொரு பயம். மழைக்காலத்தில் வீட்டிலிருந்தும் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதால், லப்டொப்பும் அவளோடு கண்டாவளை வீட்டுக்குப் போய்வரும். வீட்டில் நெட்வேர்க் இலக்கம் தானாகவே வந்துவிடும். அலுவலகத்தில் அந்தச் சுகம் கிடையாது. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம், அதைக் கையால் போட வேண்டும். வவுனியாவிலிருந்து வந்து கணினிகளைப் பார்க்கிற பிரதீபன்தான் சொல்லிக்கொடுத்தான்.

"கடைசி இலக்கம்தான் அக்கா கவனம். உங்களுக்கு இருபத்திநாலு. வேற ஒண்டின்ர இலக்கத்தைப் போட்டியளெண்டால், அது வாயடைச்சுப் போயிடும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் இருபத்திநாலு, இருபத்திநாலு என்று முணுமுணுத்தபடியேதான் அதைப் போடுவாள்.

அந்தக் கார்த்திகை நாளில் விடிந்ததிலிருந்தே அடைமழை. தெப்பமாக நனைந்து அலுவலகம் வந்தால் கரண்ட் இல்லை. லப்டொப்பில் பற்றரி இருந்தது. கரண்ட் வருவதற்குள் ஆயத்தமாக இருப்போம் என்று வீட்டு நெட்வேர்க் அமைப்பை மாற்றி இலக்கத்தைப் போட்டாள். விறைத்த விரல்கள் போட்டது நாற்பத்திரண்டு. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது, இன்டர்நெட்டும் வந்தது. வேலை செய்கிறதென்றால் சரியாகத்தானே இருக்கும்? காஸ் அடுப்பை இரண்டு தடவை பார்க்கிறவள், இதை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டு, மூலையில் இருந்த சின்னப் பெட்டியின் இலக்கம். குளத்து அணைக்கட்டிலிருந்து நீர்மட்டத்தை வாங்கிச் சுவரில் உள்ள திரைக்குக் கொடுப்பது அதன் வேலை. அது வாயடைத்துப்போக, திரை கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டு நின்றது. இருபத்தெட்டு அடி. முப்பதைத் தாண்டினால்தான் குளம் நிரம்பி வான் பாயும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் திரையைப் பார்த்து ஆறுதல்பட்டார்கள்.

மதியம் கணவன் செந்தூரன் அவளுக்குப் போன் எடுத்தான். அவனும் பிள்ளைகளும் இருந்த வீடு அந்தக் குளத்துக்குக் கீழேதான்.

"இஞ்ச ரோட்டு மதகுக்கு மேலால தண்ணி பாயுது. குளம் எப்பிடி?"

"இருபத்தெட்டுத்தான். ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ."

அடுத்தவருக்குத் தைரியம் சொன்னது அவளுக்கே பெருமையாக இருந்தது.

பின்னேரம் தேநீர் குடிக்கும்போது திரையை மறுபடி பார்த்தாள். அதே இருபத்தெட்டு. வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. இவ்வளவு மழைக்கு ஓர் அங்குலம்கூடவா ஏறாது? லப்டொப்பைத் திறந்து இலக்கத்தைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு.

சத்தமில்லாமல் இருபத்திநாலு என்று மாற்றினாள். சற்றுக் கழித்துத் திரை பாய்ந்து முப்பதரைக்குப் போனது.

பொறியியலாளர் ராஜரத்தினம் அறையிலிருந்து வந்து திரையை உற்றுப் பார்த்தார். "இதென்ன, ஒரேயடியா ரெண்டரை அடி? பெட்டி பழுதாப்போச்சுது. போன முறையும் இதை நம்பிச் சனத்தை எழுப்பி, பேச்சு வாங்கினது போதும். ஒராளை அணைக்கட்டுக்கு அனுப்பிப் பார்ப்பம்."

ரோட்டில் தண்ணீர். ஆள் போய்ச் சேர இருட்டிவிடும். பெட்டியின் மேல் பழி விழுந்தால் அவளுடைய வேலை தப்பும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பயத்தோடேயே எழும்பினாள்.

"சேர், பெட்டி பழுதில்லை. அதின்ர இலக்கத்தை நான் மாறிப் போட்டிட்டன். காலமையிலிருந்து அது வேலை செய்யேல்லை. முப்பதரை சரியான அளவு."

"நிச்சயமோ?"

வாழ்நாளில் எதற்கும் அவள் நிச்சயம் என்று சொன்னதில்லை.

"ஓம் சேர். நிச்சயம்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "விளக்கம் பிறகு கேக்கிறன். இப்ப போனை எடுங்கோ. கீழ உள்ள சனம் எல்லாருக்கும் சொல்லுங்கோ."

ஒவ்வோர் ஊராகச் சொல்லிவிட்டுச் செந்தூரனுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்து நின்றது. திரும்ப எடுத்தாள். அதுவும் அப்படியே. பயப்பிடாதேங்கோ என்று அவள் சொன்ன சொல்லை நம்பி, பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அவன் படுத்திருப்பான். ஏதாவது நடந்தால் அது தண்ணீரால் அல்ல, தன் வாயால் நடந்ததுதான். கடவுளே, என்னை எடுத்துக்கொள், அவர்களை விடு என்று மன்றாடினாள். மறுபடி எடுத்தபோது, பெரிய இரைச்சலுக்கு நடுவே செந்தூரனின் குரல் கேட்டது.

"பள்ளிக்கூடத்து மாடியில நிக்கிறம். பிள்ளையள் என்னோடதான். வீட்டுக்குள்ள தண்ணி வந்திட்டுது."

"நான் இருபத்தெட்டு எண்டெல்லே சொன்னனான்?"

"ஓம். பயப்பிடாதேங்கோ எண்டும் சொன்னனீர். ஒருநாளும் இல்லாமல் நீரே பயப்பிடேல்லை எண்டவுடன எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. அப்பவே வீட்டை விட்டு வெளிக்கிட்டிட்டம்."

கமலாசனி போனைக் காதிலிருந்து எடுக்காமல், எல்லாரும் பார்த்திருக்கக் கதிரையில் இருந்தபடியே அழுதாள்.