கஸ்பா பேட்டில் ஒரு கையெழுத்து

காலை ஒன்பதே முக்காலுக்குச் சாங்வியிலிருந்து கிளம்பினேன். தாபோடி மெட்ரோ நிலையம் வரை ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். அங்கிருந்து கஸ்பா பேட்டுக்கு இருபது. வேலையாகப் பத்து நாள் புனேயில் தங்கியிருந்தேன். அன்று வியாழக்கிழமை, செய்வதற்கு ஒன்றும் இல்லை. எட்டு நாளாகத் தொலைபேசியில் தவிர தமிழ் பேசியிருக்கவில்லை.

பத்தரைக்குச் சனிவார் வாடா. நுழைவுச் சீட்டு இருபத்தைந்து ரூபாய். பேஷ்வாக்களின் அரண்மனை என்று உள்ளே போனால் அரண்மனை இல்லை. அது எரிந்துபோய், மதிலும் வாயில்களும் கல் அடித்தளங்களும் புல்வெளியும் மிச்சம். பெரிய வாசல் கதவில், யானை முட்டாமலிருக்க அடித்த இரும்பு முட்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு குடும்பம் தங்களைப் படம் எடுத்துத் தரும்படி என்னிடம் கேட்டது. நான்கு படம் எடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் போனேன்.

பன்னிரண்டு மணிக்குக் கஸ்பா பேட்டின் சந்துகளுக்குள் இருந்தேன். புனேயின் மிகப் பழைய பகுதி இது. நடுவில் முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக, பல குடும்பங்கள் வாடகைக்கு இருந்த மரவீடுகளை இங்கே வாடா என்கிறார்கள். ஒரு வாடா, அதை ஒட்டி ஆறு மாடிக் கட்டடம், அதை ஒட்டி இடித்த மனை. இந்த வரிசையில்தான் தெருக்கள் போகின்றன.

ஒரு மணிக்கு ஷட்டர்கள் இறங்கின. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடைகளை மூடித் தூங்குவது இந்தப் பகுதியின் பழைய வழக்கம். இப்போது பெரிய கடைகள் விட்டுவிட்டன. சந்துக் கடைகள் விடவில்லை. பத்து நிமிடத்தில் தெருவில் நானும் ஒரு நாயும்தான். ஒரு வாடாவின் வாசல் நிழலில் நின்று வீட்டுக்குப் பேசினேன். பேசி முடித்ததும் உள்ளிருந்து குரல் வந்தது.

"தமிழா? உள்ள வாங்க அண்ணாச்சி. நாலு மணி வரைக்கும் இந்தச் சந்துல பச்சத்தண்ணி கிடைக்காது."

பெயர் வெங்கடாசலம். வயது எழுபத்தொன்று. அம்பாசமுத்திரத்துக்காரர், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு ஆண்டு. பிள்ளைகள் இல்லை. பன்னிரண்டு குடும்பம் இருந்த வாடாவில் அவர் மட்டும்தான் மீதி. பதினோரு கதவுகளிலும் பூட்டு. மழைக்கு முன் காலி செய்யச் சொல்லி மாநகராட்சி ஒட்டிய தாள் தூணில் இருந்தது.

தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். வாடாவை இடித்துக் கட்டப்போகும் ஒப்பந்தக்காரர் கொடுத்தது. பத்து ஆண்டுக்கு மேல் வெங்கடாசலத்தை அறிந்த ஒருவரின் கையெழுத்தோடு அன்று மாலை ஐந்துக்குள் கொடுத்தால் புதுக் கட்டடத்தில் அவருக்கு ஒரு வீடு. கொடுக்காவிட்டால் இல்லை. பழைய குடித்தனக்காரர் ஒருவர் பன்னிரண்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. இன்னொருவர் நாசிக்கில். மற்றவர்களின் எண்கள் மாறிவிட்டன.

"நீங்க போடுங்களேன்" என்றார். "இருவத்தஞ்சு வருசமாத் தெரியும்னு எழுதுங்க. எவன் பாக்கப் போறான்?"

நான் அவரை அறிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. என் அடையாள அட்டையில் திருச்சி முகவரி. பொய் என்று தெரிந்தால் உங்கள் வீடுதான் போகும் என்றேன். "நெசந்தான்" என்று பேனாவை மூடினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எதிரே மூடிய ஒரு குடைக் கடை, அதன் மாடியில் கடைக்காரர் வீடு. அவரைக் கேட்கலாமே என்றேன். அவரோடு பேச்சு நின்று ஒன்பது ஆண்டாம். கடைக்காரர் ஸ்கூட்டரை வாடா வாசலில் நிறுத்துவார். வெங்கடாசலம் வாசலில் மராத்தியில் ஒரு பலகை மாட்டினார்: 'இங்கே நிறுத்தும் வண்டியின் காற்று தானாக இறங்கிவிடும்.' மறுநாள் கடையில் பதில் பலகை: 'எதிர்வீட்டுப் பலகையை இலவசமாகப் படிக்கலாம். நம்ப வேண்டியதில்லை.' ஸ்கூட்டரின் காற்று இறங்கியது. அதோடு பேச்சும் முடிந்தது. இரண்டு பலகைகளும் இன்னும் தொங்குகின்றன.

ஒன்றே முக்காலிலிருந்து நான்கு வரை அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். மூன்று தடவை அவர் யார் யாருக்கோ போன் செய்தார். மாடியில் எங்கோ ஒரு புறா நடக்கும் சத்தம் கேட்டது. இரவு பத்துக்குப் பெரிய கதவைத் தாழிடுவது வாடா வழக்கம். எல்லாரும் வந்தாயிற்றா என்று எண்ணிவிட்டுத்தான் தாழிடுவார்களாம். இப்போதும் பத்துக்குத்தான் தாழிடுகிறேன் என்றார்.

சரியாக நான்குக்கு எதிர் ஷட்டர் ஏறியது. அவர் எழுந்திருக்கவில்லை. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு எழுந்தார். சட்டையை மாற்றிக்கொண்டார். இந்தச் சந்தின் மறுபக்கம் போக ஆறு தப்படி போதும். அவருக்கு நேரம் ஆயிற்று. நான் பின்னால் நடந்தேன்.

கடைக்காரர் தேஷ்பாண்டேவுக்கும் அவர் வயதுதான் இருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை இரண்டு பக்கமும் படித்தார். அவர்கள் மராத்தியில் பேசியதைப் பிறகு வெங்கடாசலம் எனக்குச் சொன்னார்.

"காத்தை இறக்கினது நீதானே?"

"நாந்தான்."

"ரெண்டு தடவை."

"மூணு தடவை."

தேஷ்பாண்டே பேனாவை எடுத்தார். எத்தனை ஆண்டாகத் தெரியும் என்ற இடத்தில் முப்பத்தொன்று என்று எழுதினார். காலை ஐந்துக்கு இவர் இருமுவதை வைத்துத்தான் தான் எழுந்திருப்பதாகவும், இவர் மனைவி இறந்த பிறகு இருமல் அரைமணி முன்னதாக வருவதாகவும் சொன்னார். கையெழுத்துப் போட்டு மை காயும் வரை ஊதினார். "புதுக் கட்டடத்துல மேல் மாடி கேக்காதே. அங்கேர்ந்து என் பலகை தெரியாது."

வெங்கடாசலம் படிவத்தை வாங்கி மடித்தார். நன்றி சொல்லவில்லை. தேஷ்பாண்டேவும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒப்பந்தக்காரரின் அலுவலகம் அங்கிருந்து நானூறு மீட்டர். நாலு ஐம்பத்திரண்டுக்குப் படிவத்தில் முத்திரை விழுந்தது. ஞாயிறன்று அவர் புனேயின் புறநகரான தாயரியில் ஒரு வாடகை அறைக்குப் போகிறார். அங்கே அவருக்கு யாரையும் தெரியாது.

"மூணு வருசத்துல கட்டிருவோம்னு சொல்லுதான்" என்றார். "பாப்போம்."

மெட்ரோ வாசல் வரை வந்து விட்டுவிட்டுத் திரும்பினார். ஐந்தரை ரயில். அலுவலகம் விட்டு வருகிற கூட்டம், பிம்ப்ரி வரை போகிறவர்கள். எல்லார் காதிலும் கருவி. நின்றுகொண்டே வந்தேன்.

திருச்சியில் நான் இருக்கும் அடுக்ககத்தில் எதிர்க் கதவு என் கதவிலிருந்து நான்கு அடி. எட்டு ஆண்டாக அங்கே இருக்கிறேன். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் எப்போது எழுந்திருப்பார், இருமுவாரா என்று எனக்குத் தெரியாது. அவர் பெயரும் தெரியாது. எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை.