பேங்க்வெட் என்ற சொல்லை நம்பியவள்

தாம்பரத்திலிருந்து தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் செல்லும்போது 'பேங்க்வெட் ஹால்' என்னும் பலகைகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன்வரை அவை கல்யாண மண்டபங்களாக இருந்தன. அந்தச் சொல்லை நம்பி என் மனைவி ஒருமுறை விருந்துக்கு வந்தாள்.

பக்கவாதத்திலிருந்து ஓரளவு தேறிய பின்னரும் அவளுடைய இடக்கை வலுவிழந்தே இருந்தது. விழுங்குவதும் சிரமமாயிற்று. ஒரு வாய் சோற்றை நிதானமாக மென்று, தண்ணீர் குடித்து, அதன்பின்தான் அடுத்ததை எடுப்பாள். வீட்டில் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. மண்டபங்களில்தான் துன்பம். அடுத்த பந்திக்கு இடம் பிடிப்பவர்கள், உண்பவரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பது நம் பக்கத்து வழக்கம். பம்மலில் நடந்த ஒரு திருமணத்தில் சாம்பார் சோற்றோடு கை கழுவிவிட்டாள்.

"பின்னாடி ஒருத்தர் நாற்காலியப் புடிச்சிக்கினு நிக்கிறப்போ எப்படிங்க முழுங்குறது?"

அதன்பின் எந்த விசேஷத்துக்கும் வர மறுத்தாள்.

அந்நிலையில் அவளுடைய தம்பி மகளுக்குத் திருமண வரவேற்பு வந்தது. ஊரப்பாக்கத்தில், ஒரு பேங்க்வெட் ஹாலில். நான் பள்ளியில் அதிகம் பயிலாதவன். அறியாத ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடுவது என் வழக்கம். பெருவிருந்து என்று பொருள் கூறிய அகராதி, சிறிய பெஞ்சைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது பிறந்தது என்றும், முற்காலத்தில் இருவேளை உணவுக்கு நடுவே கொறிக்கும் சிற்றுண்டியையும் குறித்தது என்றும் விளக்கியிருந்தது. அதை அவளிடம் எடுத்துச் சொன்னேன்.

"பெஞ்சுன்னா உக்கார வச்சுத்தான் போடுவாங்க, இல்ல?"

"சொல்லுக்கு வேரே அதுதானே" என்றேன்.

அன்றே அரக்கு நிறப் பட்டுப் புடவையை பீரோவிலிருந்து எடுத்துக் காற்றாடப் போட்டாள்.

அங்கே மணமக்களைப் பார்க்க மேல்தளத்தில் நாற்காலிகள் இருந்தன. உணவு கீழ்த்தளத்தில். நெஞ்சளவு உயரமான வட்ட மேசைகளைத் தவிர அங்கு வேறொன்றும் இல்லை. எல்லோரும் இடக்கையில் தட்டை ஏந்தி நின்றபடி உண்டனர். பரிமாறுபவரிடம் நாற்காலி கேட்டேன்.

"சேர் எல்லாம் மேலதான் சார். இங்க பஃபே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

தட்டை நான் எடுத்துக்கொண்டு அவளை வாயிலுக்கு அழைத்துச் சென்றேன். காவலாளி தன் பெஞ்சிலிருந்து எழுந்து, அதைத் துண்டால் தட்டிவிட்டார்.

"குந்துங்கம்மா. சும்மாதான் கீது."

மடியில் தட்டை வைத்து உண்ணத் தொடங்கினாள்.

"பின்னாடி யாராவது நிக்கிறாங்களா பாருங்க."

"ஒரு நாய் நிக்குது."

"அது பரவால்ல. அவசரப்படுத்தாது" என்று சிரித்தாள்.

தட்டில் இருந்ததை உண்டு முடித்து, இன்னும் கொஞ்சம் தயிர் சோறு கேட்டாள். வெளியிடத்தில் அவள் இரண்டாம் முறை கேட்டு வெகுகாலமாகியிருந்தது. நான் எடுத்து வருவதற்குள் அவளுடைய தம்பி வந்துவிட்டிருந்தார்.

"வாட்ச்மேன் பெஞ்சுல உக்காந்தா பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க அக்கா? நீங்களாவது சொல்லக் கூடாதா மாமா? வா, ஃபேமிலி போட்டோ. எல்லாரும் மேடையில வெயிட் பண்றாங்க."

அக்கா இல்லாமல் படம் எடுக்க அவருக்கு மனமில்லை. அவள் எழுந்து கை நீட்டினாள், தண்ணீர் ஊற்றினேன்.

"மூடி வைக்கிறேன், வந்து சாப்டுங்கம்மா" என்று காவலாளி தட்டை வாங்கிக்கொண்டார். படம் எடுத்து முடிப்பதற்குள் அவள் களைத்துப்போனாள். கைத்தாங்கலாக லிஃப்டில் இறக்கி, காவலாளி இருந்த வாயில் பக்கம் போகாமல், கார் நிற்கும் பக்கமாகவே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

அவ்வாண்டு மழைக்காலத்தில் அவள் இறந்தாள். கருமாதியன்று மொட்டைமாடியில் ஷாமியானா போட்டு, உறவினரை வரிசையாக உட்கார வைத்து இலை போட்டார்கள். பக்கத்து இலைகளை எடுத்த பின்பும் நான் உண்டுகொண்டிருந்தேன். அடுத்த பந்திக்குரியவர்கள் படிக்கட்டிலேயே ஒதுங்கி நின்றார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் ஒருவரும் வரவில்லை. அவளுடைய தம்பி தயிர் வாளியோடு என்னிடம் குனிந்தார்.

"மெதுவா சாப்பிடுங்க மாமா. ஒண்ணும் அவசரமில்ல."

தலையசைத்தேன். வாயிலிருந்த சோறு இறங்க வெகுநேரமாயிற்று.