கீதா யார்?

இந்தப் பத்தியில் எங்கள் மெட்ராஸ் பாஷையைப் பற்றி நான் எவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறேன் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னேன்: “அங்க வந்து வாயத் தொறக்காதம்மா.”

ஹைதராபாத்தில் மாலை நாலு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விமானம் ஏறுவதிலும் முதல் ஆளாக இருந்திருப்பேன். “தனியா அனுப்ப மாட்டேன்” என்று அம்மாவும் கூடவே வந்துவிட்டார். அந்த வகையில் இருவருக்கும் டை.

செக்யூரிட்டி தாண்டியதும் அம்மாவுக்குத் தலைவலி. காபி வேண்டும். போர்டிங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் போனை சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தேன். அவரே கடைக்குப் போய், காசு கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“சொல்லிட்டேன். போட்டுக்கினு கீறாங்க.”

காத்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் சொன்னவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் காபி மட்டும் வரவில்லை. கவுன்டர் தம்பி ஒரு கப்பைத் தூக்கித் தூக்கிக் காட்டி, “கீதா... கீதா...” என்று கூவிக்கொண்டே இருந்தார். யார் அந்தக் கீதா? சூடான காபியைச் சொல்லிவிட்டு எங்கே போய்த் தொலைந்தாள்? எனக்கு அந்தப் பெண் மேல் கோபம் கோபமாக வந்தது.

போர்டிங் அறிவித்தார்கள். பிறகு கடைசி அழைப்பு. “காபி வேணாம், வாம்மா” என்றேன்.

“காசு குட்த்துட்டு சும்மா வருவாங்களாடி?”

கவுன்டருக்கு ஓடினேன். ஆங்கிலத்தில் சண்டை போட்டேன். அம்மா பெயரைச் சொன்னேன் — மல்லிகா. அப்படி யாரும் இல்லையாம். “இந்த ஒண்ணுதாங்க ரொம்ப நேரமா நிக்குது” என்றவர், என்னைத் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்து இன்னொரு முறை கத்தினார்: “கீதா?”

பின்னாலிருந்து அம்மா வெடித்தார்.

“இன்னா நைனா, நானும் வந்ததுலருந்து பாக்குறேன், கீதா கீதான்னு என்னையே கேக்குற! காபி கீதான்னு நான்தானே உன்னக் கேட்டேன்? கீதா, இல்லையா? அத்தச் சொல்லு மொதல்ல!”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ‘காபி கீதா?’ என்றால் எங்கள் தண்டையார்பேட்டையில் ‘காபி இருக்கிறதா?’ என்று அர்த்தம். கவுன்டர் தம்பி குனிந்தபடியே “நேம்?” என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. ‘கீதா?’ என்று தன் கேள்வியையே திரும்பக் கேட்டிருக்கிறார். தம்பி அதைக் கப்பில் எழுதிவிட்டார்.

படித்தவளான எனக்கு அது ஒரு பெண்ணின் பெயர். அம்மாவுக்கு அது கேள்வி. இத்தனை நேரமும் அந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டது அம்மாதான்.

கப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினோம். கேட்டை மூடப் போன பெண், கப்பில் இருந்த பெயரையும் போர்டிங் பாஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மேடம்... கீதா?”

அம்மா கப்பை ஆட்டிப் பார்த்தார். “கீதும்மா. அரை கப்பு கீது. ஒனுக்கு வோணுமா?”

அந்தப் பெண் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். “இவங்க யாரோட வந்திருக்காங்க?”

இன்டர்வியூவுக்காக வீட்டில் கண்ணாடி முன் நின்று எத்தனையோ பதில்கள் பழகி வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்:

“என்கூடத்தான் கீறாங்க.”