கடைசித் தசமம்

பேசாலையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவர். அவருடைய மகள் அங்கே பிறந்தவள். அவளின் பிறப்புப் பத்திரத்தை ஸ்கேன் பண்ணி, பூட்டி வைத்தவள் நான்தான்.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் எனக்கு. கேயாஸ் கோட்பாட்டைக்கொண்டு ஒரு மறையாக்க முறை எழுதிக்கொண்டிருந்தேன். ஓர் எண்ணைச் சின்னச் சமன்பாடொன்றில் திரும்பத் திரும்பப் போட்டால் ஒழுங்கே பிடிபடாத எண்கள் வரும். அவற்றால் படத்தைக் கலக்கிவிடலாம். தொடக்க எண்தான் திறப்பு, அதாவது சாவி. அதில் துளி மாறினாலும் படம் திறக்காது. அதில் எனக்குச் சரியான பெருமை. அந்தப் பத்திரத்தையும் அப்படித்தான் பூட்டியிருந்தேன்.

மாரி வெள்ளத்தில் அக்காவின் பத்திரங்கள் கூழாகிப்போயின. குடியுரிமை அலுவலுக்குக் அரசாங்கக் கந்தோரில் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள்.

"தங்கச்சி, நீ கொம்பியூட்டரில வச்சிருக்கிறாய்தானே?"

என் பழைய லப்டொப் அதற்குள் பழுதாகியிருந்தது. பென் டிரைவில் இருந்ததைப் புதியதில் போட்டு, அதே திறப்பைக் கொடுத்தேன். திரை முழுக்க வெறும் புள்ளிகள். இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் விளங்கியது: இரண்டு கணினிகளும் கடைசித் தசமத்தை வேறு வேறு மாதிரி வெட்டுகின்றன. என் சமன்பாடு அந்தத் துளியைப் பெருக்கிப் பெருக்கி எல்லாவற்றையும் குழப்பியிருக்கிறது.

"திறக்கேலாமல் கிடக்கு அக்கா. என்ர பிழைதான்."

அவர் ஏசவில்லை. கொஞ்சம் யோசித்தார். "அப்ப பழசைத் திருத்தினால் திறக்குமெல்லோ? எழும்பு, மன்னாருக்குப் போவம்."

திருத்துகிற கடைக்காரர் லப்டொப்பைக் கழற்றிப் பார்த்துக் கையை விரித்தார். பிறகு ராக்கையில் கிடந்த, அதே வகைப் பழைய கணினியொன்றை இறக்கித் தூசு துடைத்து மேசையில் வைத்தார்.

"ஜும்மாத் தொழுகைக்குப் போட்டு வாறன். நீங்கள் இருந்து பாருங்கோ."

அறிமுகமில்லாத எங்களிடம் கடையை விட்டுவிட்டுப் போனார். அவர் திரும்பியபோது திரையில் மகளின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். கடைக்காரர் இரண்டு பிரதி அச்செடுத்துத் தந்தார். பத்திர இலக்கம் கிடைத்ததால் தமிழ்நாட்டிலிருந்து புதுப் பத்திரம் எடுக்க முடிந்தது. மகளுக்குக் குடியுரிமையும் கிடைத்தது.

தசமங்களை விட்டு, முழு எண்களாலேயே அந்த முறையைத் திரும்ப எழுதினேன். இப்போது எந்தக் கணினியிலும் திறக்கும். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியருக்கு அடுத்ததாக அக்காவையும் கடைக்காரரையும் போட்டேன். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"என்னத்துக்கு எங்கட பேரெல்லாம்?" என்றவர், இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார்.