தேறாத ஜாக்கெட்

முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு காதருகே வைத்துக் கசக்குவார். அதன் பிறகு, தையல் ஓடும் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெருடிக்கொண்டே, பொருளை விட்டுவிட்டு விற்பவரின் முகத்தைப் பார்ப்பார். பொருள் ஏமாற்றும், முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது பிச்சைமுத்துவின் நம்பிக்கை. அவருக்கு உள்ள ஒரே நம்பிக்கை என்றும் சொல்லலாம். இணையத்தில் வாங்கிய நீர் புகாத பைக்கு விற்பவர் முகம் இல்லை. ஆகவே அதைக் கொண்டுவந்த கூரியர்காரரைப் பார்த்தார்.

"சார், நான் கொண்டு வந்து குடுக்கறவன்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

துவாக்குடிப் பக்கம் கொதிகலன் உதிரிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். குழாயைச் சோதிப்பதென்றால், அது வேலையில் தாங்க வேண்டிய அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்ப்பார்கள். ஒழுகினால் சிவப்புச் சாக்கட்டியால் பெருக்கல் குறி. திருவானைக்காவலில் எங்கள் குடியிருப்புக்கு வந்த பிறகும் அந்தச் சாக்கட்டி அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. லிஃப்ட் கதவில் ஒரு பெருக்கல் குறி உண்டு. சங்கச் செயலாளரின் புதிய கார் டயரிலும் உண்டு. ஆனால் பிச்சைமுத்து ஓட்டும் ஸ்கூட்டருக்குப் பின் பிரேக் பிடிக்காது. கேட்டால், "அது எனக்குத் தெரிஞ்ச பழுது சார். தெரியாத பழுதுதான் ஆபத்து" என்பார்.

இப்போதைய சோதனைகளுக்குக் காரணம் கனடாவில் இருக்கும் மகள் கலைமதி. ஊரும் ரோடும் இல்லாத ஏரிக்காட்டுக்குள் துடுப்புப் படகில் போய், கரையில் கூடாரம் அடித்துத் தங்குவது அவளுக்கும் கணவனுக்கும் வழக்கம். இந்த ஆகஸ்டில் பெற்றோரும் வர வேண்டும் என்கிறாள். தண்ணீரில் மிதக்கவைக்கும் ஜாக்கெட் முதல் சாமான் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் என்று சொன்னதுதான் அவள் செய்த தவறு.

"வாடகை ஜாக்கெட்டா? அதுக்கு முன்னாடி போட்டவன் என்ன ஆனான்னு சொல்லுவானா?"

ஆகவே எல்லாவற்றையும் இங்கிருந்தே தேர்ந்தெடுத்து, சோதித்து எடுத்துப்போவது என்று முடிவானது. வாங்கியவர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளில் ஒற்றை நட்சத்திரக்காரர்களை மட்டுமே படிப்பார். "அஞ்சு ஸ்டார் போடறவன் பூரா கம்பெனிக்காரன் மச்சான்." நீர் புகாத பைக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் செங்கல் வைத்து அமுக்கினார். அன்று காலை எல்லா வீட்டிலும் செங்கல் வாசனையோடுதான் காபி. தாள் காய்ந்தபடியே வெளியே வந்ததும் அவர் முகம் வாடிப்போயிற்று. "ஒரு தடவை தேறினா அது தற்செயல்" என்று பையை மறுபடியும் உள்ளே இறக்கினார்.

ஜாக்கெட்டின் தோளில் தொங்கிய விசிலும் அவருக்குப் பிடிபடவில்லை. ஆபத்தில் ஊத வேண்டுமாம். கரடி வந்தாலும் ஊதலாமாம். "விசில் சத்தத்துக்கு ஓரங்கட்டறதுக்கு அது என்ன சார், சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஆட்டோவா?"

அந்த ஜாக்கெட் பெரிய கடைவீதியில் கியாசுதீன் கடையில் வாங்கியது. கயிறு, தார்ப்பாய், வலை என்று தண்ணீரோடு சம்பந்தப்பட்ட எல்லாம் அங்கே தொங்கும். நானும் உடன் போயிருந்தேன்.

"படகு விடறவங்களே இதைத்தான் வாங்கறாங்க. பாய் சொல்றேன், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கியாசுதீன்.

"வாங்கறாங்க, சரி. மிதந்தாங்களா?"

"மூழ்கினவங்க யாரும் திரும்பி வந்து கம்ப்ளெயின்ட் பண்ணலையே சார்."

"அதான் பாய் எனக்கும் சந்தேகம்" என்றார் பிச்சைமுத்து, சிரிக்காமல். ஆனாலும் வாங்கினார். கூடவே, கடைக்காரர் தொங்கியே காட்டிய ஒரு கயிறும்.

இவ்வளவு சந்தேகமும் எங்கிருந்து ஊறுகிறது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. அவர் மருங்காபுரிப் பக்கத்து மானாவாரி நிலத்துக்காரர். ஊர்க் குளத்தில் அவர் கற்றுக்கொண்டது கிரிக்கெட். நீச்சல் தெரியாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் வந்து குடியேறிய பிறகும், ஆடிப்பெருக்கன்று மேல்படியில் நின்றபடி சொம்புத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்வதோடு சரி. இதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. ஆற்றின் தரம்தான் சரியில்லை என்பார்.

மனைவி ஆனந்தவள்ளிக்கு ஏரியும் வேண்டாம், கரடியும் வேண்டாம். கல்யாணமாகிப் போன பெண்ணைப் போன் திரையில்தான் பார்க்கிறார். "ஒரே கூடாரத்துல அவ பக்கத்துல ரெண்டு ராத்திரி படுக்கணுங்க. அவ்வளவுதான்" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். காட்டுக்குள் போக ஆள் எண்ணிக்கை சொல்லி அனுமதி வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வருகிறீர்களா இல்லையா என்று கலைமதி கேட்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை அம்மா மண்டபத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த சிறிய படித்துறையில் இறுதிச் சோதனை. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் படிகளைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மனைவியின் எடைக்குச் சமமாக மணலை நிறுத்துச் சாக்கில் கட்டி, ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். மூட்டைக்கு ஜாக்கெட்டை மாட்டி, கயிறு கட்டி, படியிலிருந்து உருட்டிவிட்டார். ஜாக்கெட் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. மணலோடு சேர்ந்து அடிக்குப் போயிற்று.

"பார்த்தீங்களா!" தொழிற்சாலையில் ஒழுகும் குழாயைக் கண்டுபிடித்த நாட்களில் இந்த முகம்தான் இருந்திருக்கும்.

மனித உடலைத் தண்ணீரே பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், மூக்கை மேலே வைத்திருப்பதுதான் ஜாக்கெட்டின் வேலை, மணலுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"இதை யாரு சொன்னது? ஜாக்கெட் கம்பெனியா?"

இழுத்து எடுத்து, ஓரளவு உலர்ந்ததும், மார்புப் பக்கம் சிவப்பில் பெருக்கல் குறி போட்டார். வீட்டுக்கு வந்து மகளைப் போனில் கூப்பிட்டார். "வரலைம்மா. சாமான் தேறலை."

சமையலறையிலிருந்து ஆனந்தவள்ளி வந்தார். அடுப்பை அணைத்துவிட்டு வந்தார் என்பதிலிருந்தே பேச்சு நீளும் என்று தெரிந்தது.

"என் எடைக்கு மணலைக் கட்டியா ஆத்துல போட்டீங்க? நான் என்ன மணல் மூட்டையா?"

"டெஸ்ட்டும்மா. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா..."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு நீச்சல் தெரியும்."

பிச்சைமுத்து மனைவியின் முகத்தைப் பார்த்தார், கடைக்காரர்களைப் பார்ப்பது போலவே.

"எப்பக் கத்துக்கிட்ட?"

"ஜீயபுரத்துல வாய்க்காக் கரையில பொறந்துட்டு தனியா வேற கத்துக்கணுமா?"

"இத்தனை வருஷமாச் சொல்லவே இல்லையே?"

"எங்க சொல்றது? நீங்க தண்ணி இருக்கற பக்கமே வர்றதில்லையே."

"யாராவது பார்த்திருக்காங்களா?"

"நாளைக்குக் காலைல நீங்களே பாருங்க. மிதந்தேன்னா ரெண்டு பேரும் போறோம். மக கிட்ட நீங்களே சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தார்.

ஞாயிறு காலை அதே படித்துறை. புடவையை இழுத்துச் செருகி, அதன் மேல் பெருக்கல் குறி போட்ட ஜாக்கெட்டோடு ஆனந்தவள்ளி கீழ்ப்படியில் நின்றார். துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களாக்கா, சின்னமெல்லாம் போட்டிருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். ஆனந்தவள்ளியே சிரித்துவிட்டார். பிச்சைமுத்து சிரிக்கவில்லை. ஒவ்வொரு கொக்கியையும் மாட்டி, கழற்றி, மறுபடியும் மாட்டினார். கயிற்றின் ஒரு நுனியை ஜாக்கெட் வாரில் கோத்துக் கட்டினார்.

"போதுங்க. அந்த நுனியைத் தூண்ல கட்டிட்டு மேல போய் நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே ஆனந்தவள்ளி தண்ணீரில் கால் வைத்தார்.

படித்துறையின் கல்தூண் எத்தனையோ வெள்ளத்தைப் பார்த்தது. பிச்சைமுத்து அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். இன்னொரு பக்கம் போய் அங்கும் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு கீழ்ப்படிக்கு இறங்கி வந்து, கயிற்றின் மறுநுனியைத் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டி, முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்.