மைக்காரர் வீட்டு முறுக்கு

வாடகைக் காரில் மைக் கட்டிக் கடைகளுக்கு விளம்பரம் சொல்லுகிறவர் அவர். ஒடிசலான தேகம். பேசும்போது ஒரு காதை விரலால் அடைத்துக்கொள்வார்.

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் நானும் மனைவியும் வீட்டிலேயே செய்த துணிச்சோப்பு விற்காமல் தவித்துக்கொண்டிருந்தோம். விற்காவிட்டால் குழந்தையோடு சிவகிரிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக அவள் சொல்லியிருந்தாள்.

“சரக்கு நல்லா இருந்தா போதாது அண்ணாச்சி, வாய்விட்டுச் சொல்லணும்” என்றார் மைக்காரர். அவர் பேச்சை நம்பி ஒருநாள் சொல்ல வைத்தேன். ஐந்தாறு கட்டிகள்தான் போயின.

மறுபடி சொல்லச் சொல்லலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் மனைவி ஒரு தகர டின் நிறைய முறுக்கோடு உட்கார்ந்திருந்தார். வாங்க ஆளில்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“இதை ஒருநாளாவது மைக்குல சொன்னீரா வே? பின்ன உம்மை எப்படி நம்புறது?”

அவர் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார்: “அடுத்தவன் சரக்குன்னா தொண்டை கிழியக் கத்துதேன். அவ சுட்டதை நான் சொல்லியும் எவனும் வாங்கலைன்னா, அவ மூஞ்சிய நான்லா பாக்கணும்?”

மறுநாள் வீம்பாக நானே மைக்கைப் பிடித்தேன். தேரடியில் கூட்டம் திரும்பிப் பார்த்தது. சோப்பின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமலே மைக்கை இறக்கிவிட்டேன். அவர் மைக்கை வாங்கி, சாயங்காலம்வரை கத்தினார்.

அப்படியும் விற்கவில்லை. என் மனைவி குழந்தையோடு சிவகிரிக்குப் பஸ் ஏறினாள். ஆனாலும் அந்த மனிதரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.