பதினேழாம் கேள்வி

பதினொரு வருடமாக உதயகலாவுக்கு வேலை, ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் மனதைக் கிண்டுவது. ஒரு ஆய்வு நிறுவனத்தின் வினாக்கொத்தை வைத்துக்கொண்டு, அயலவரை எவ்வளவு நம்புகிறீர்கள், வேறு சாதி, வேறு சமய ஆட்களோடு பழகுகிறீர்களா என்று கேட்பாள். பதினேழாம் கேள்வி மட்டும் அவளுக்குத் தொண்டையில் நிற்கும்: ‘வேறு சமூகத்தவர் வீட்டில் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?’

அவளை யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பத்தொன்பது வருடத்துக்கு முன் என்றிருப்பாள். குருநகரில், கூடப் படித்த மேர்சியின் வீட்டில், ஒரே தட்டில் இருவரும் சாப்பிட்ட மீன்குழம்பும் சோறும். மேர்சியின் ஆட்கள் கடற்தொழில் செய்யும் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். பதிலுக்கு மேர்சியும் ஒருமுறை அளவெட்டிக்கு, உதயகலாவின் வீட்டுக்கு வந்தாள். உதயகலாவின் அம்மா எல்லோருக்கும் எவர்சில்வர் பேணியில் தேநீர் கொடுத்தார். மேர்சிக்கு மட்டும், வேறு சாதி ஆட்களுக்கென்று குசினி யன்னலில் கவிழ்த்து வைத்திருக்கும் கண்ணாடிக் கிளாஸில். மேர்சிக்கு விளங்கிவிட்டது. உதயகலா வாயை மூடிக்கொண்டிருந்தாள். என்ன வாயோ! பிறகு மேர்சி வரவில்லை. இவளும் வெட்கத்தில் போகவில்லை.

சென்ற மாசியில் குருநகரில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டு போனதில், எண்ணிக்கை மேர்சியின் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றது. தெரிந்தவர் வீடென்றால் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. ஆசை விடவில்லை. தட்டினாள்.

மேர்சி இருக்கக் கதிரை போட்டாள். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். பதினேழுக்கு, “அளவெட்டியிலை. ஒரு தேத்தண்ணி,” என்றாள்.

பிறகு எழுந்துபோய்த் தேநீர் கொண்டுவந்தாள். அங்கேதான் பிழை வந்தது. போகும் வீடுகளில் எதையும் வாங்கிக் குடிக்கக்கூடாது என்று இன்னொரு விதி. பழக்கதோஷத்தில் வாய் முந்திவிட்டது: “ஐயோ, வேண்டாம், நாங்கள் குடிக்கிறேல்லை.”

“தெரியும்,” என்று மேர்சி கோப்பையோடு திரும்பினாள்.

உதயகலா பாய்ந்து அதைப் பறித்து, சுடச்சுடக் குடித்தாள். நாக்கு வெந்தது. “மேர்சி, இவ்வளவு காலமும் உன்னைத்தானடி நினைச்சுக்கொண்டு இருந்தனான். ஒருக்கா வீட்டுக்கு வாவன்.”

மேர்சி வெறும் கோப்பையை வாங்கி வைத்தாள்.

“அந்தக் கிளாஸ் இன்னும் இருக்கோ?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “இருக்கு.”

“அப்ப நான் எப்பிடி வாறது?”

அந்தப் படிவம் செல்லாது என்று உதயகலாவே எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் தேநீர் குடிப்பது அந்தக் கண்ணாடிக் கிளாஸில்தான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், திருப்பட்டும். உதயகலாவின் எவர்சில்வர் பேணி, மேர்சிக்கென்று கழுவித் துடைத்தபடி இருக்கிறது. படலைச் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கிறாள். மேர்சி இன்னும் வரவில்லை.